தம்பி ஏறுகிற குதிரை

குதிரை பார்ப்பதில் மண்ணூர்பேட்டையில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இவளே சொல்லிக்கொள்கிறாளே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். வேறு யாராவது சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தால் ஆயுசு போதாது. தொழிற்பேட்டையில் ஒரு பேரிங் கம்பெனியில் சரக்கைச் சோதித்து அனுப்பும் வேலை எனக்கு. கையில் வைத்துச் சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்தால் போதும், உள்ளே எந்தக் குண்டு சரியில்லை என்று தெரிந்துவிடும். அதே காதைத்தான் குதிரைக்கும் கொடுக்கிறேன்.

மற்றவர்கள் ரேஸ் புத்தகத்தை வைத்துக் குதிரையை எடை போடுவார்கள். போன தடவை எத்தனையாவதாக வந்தது, எத்தனை கிலோ சுமந்தது, எந்தத் தூரத்துக்கு மூச்சு வாங்கியது, எல்லாம் அதில் இருக்கும். நானும் படிப்பேன். படிக்காமல் அளக்கிறவள் இல்லை. ஆனால் புத்தகத்தில் இருப்பது போன மாதத்துக் குதிரை. சனிக்கிழமை ஓடப்போவது இந்த வாரத்துக் குதிரை. அதைப் பார்க்க வேண்டுமானால் வியாழக்கிழமை விடிந்ததும் கிண்டிக்குப் போய் நிற்க வேண்டும்.

பயிற்சி ஓட்டம் முடிந்து குதிரைகள் லாயத்துக்குத் திரும்பும் வழியில் கொஞ்ச தூரம் சிமெண்ட் பாதை. நான் நிற்பது அங்கேதான். புல்லிலும் மணலிலும் ஒரு குதிரை எதை வேண்டுமானாலும் மறைத்துவிடும். சிமெண்டில் முடியாது. நாலு குளம்பும் ஒரே கனத்தில் விழுந்தால் உடம்பில் குறை இல்லை. ஒன்று மட்டும் லேசாக விழுந்தால் அந்தக் காலில் ஏதோ இருக்கிறது, ஊன்றப் பயப்படுகிறது. முதலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். அப்புறம் திறந்து நடையைப் பார்ப்பேன், ரோமத்தின் பளபளப்பைப் பார்ப்பேன், வேர்வை எப்படிக் காய்கிறது என்று பார்ப்பேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாட்ஸப் குழுவில் என் வாய்ஸ் வந்துவிடும். மண்ணூர்பேட்டை ஆட்டோக்காரர்கள், வேலப்பன்சாவடி கல்லூரியில் வேலை பார்க்கிறவர்கள், நசரத்பேட்டை அடுக்குமாடியில் குடியிருக்கும் ஐ.டி. ஆட்கள் என்று கலவையான கூட்டம். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஐ.டி.காரர் ஒருத்தர் கம்ப்யூட்டரில் ஏதோ கணக்குப் போட்டு, "அக்கா, என்ற மாடல் வேற குதிரையைச் சொல்லுதுங்க" என்பார். "உன் மாடலுக்குக் காது கீதா நைனா?" என்று கேட்பேன். குழுவே சிரிக்கும். சனிக்கிழமை சாயங்காலம் அவர் வாயைத் திறக்க மாட்டார்.

நான் ஒரு ரூபாய்கூடக் கட்டுவதில்லை. கட்டினால் ஆசை வந்துவிடும். ஆசை வந்தால் காது தனக்குப் பிடித்ததைத்தான் கேட்கும்.

ஒரே ஒரு ரேஸுக்கு மட்டும் வாய் திறக்க மாட்டேன். அது என் தம்பி ஏறுகிற ரேஸ். தம்பி ஜாக்கி. குதிரை ஓட்டுகிறவர்கள் மத்தியில் ஒரு வழக்கம் உண்டு. ஏறப்போகிறவனிடம் அந்தக் குதிரையின் குறையை யாரும் பேசக் கூடாது. மனசில் விழுந்த சந்தேகம் கைக்கு வரும், கையிலிருந்து கடிவாளத்துக்குப் போகும், அங்கிருந்து குதிரையின் வாய்க்குப் போய்விடும் என்பார்கள். குதிரை மிரளும், ஆள் விழுவான். அவன் முதல் தடவை ஏறிய நாளிலிருந்து எங்கள் குடும்பத்தில் இதை மீறியதில்லை. அவன் ஏறும் குதிரையைப் பற்றி அவனும் கேட்க மாட்டான், நானும் சொல்ல மாட்டேன். குழுவிலும் அந்த ரேஸை விட்டுவிடுவேன். குழுவுக்கும் அது தெரியும்.

போன வருஷம் அவன் ஓட்டிய குதிரை வளைவில் கால் மடங்கி விழுந்தது. அவனுக்கு இடது தோள் நொறுங்கிவிட்டது. எலும்பில் தகடு வைத்துத் தைத்து, மாதக் கணக்கில் கையைத் தூக்க முடியாமல் கிடந்தான். தேறி வந்தபோது வயது நாற்பதைத் தொட்டிருந்தது. காலையில் பயிற்சிக்கு ஏறச் சொல்வார்கள், ரேஸுக்குக் கூப்பிட மாட்டார்கள். "தோள் எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போன் போடுவார்கள். அடப்பாவிகளா, அவன் கேட்டது தோளுக்கு மருந்தா, ஏற ஒரு குதிரைதானே என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

கடைசியில் ஒரு ட்ரெய்னர் கூப்பிட்டார். பழைய ஆள், நல்ல மனுஷன். தன் லாயத்திலேயே சிறந்த குதிரையை, நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த நாலு வயதுப் பெண் குதிரையை, பெரிய ரேஸில் தம்பிக்குக் கொடுத்தார். எல்லாருடைய கணிப்பிலும் அதுதான் ஃபேவரிட். இதில் ஜெயித்தால் மறுபடி நாலு பேர் கூப்பிடுவார்கள். இதுவும் கைநழுவினால் அவ்வளவுதான், தம்பி வீட்டோடு உட்கார வேண்டியதுதான். அவன் பெண்டாட்டி மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். நானும் ஏற்றினேன்.

அந்த வியாழக்கிழமை சிமெண்ட் பாதையில் அந்தக் குதிரை வந்தது. அது அவன் குதிரை என்பதால் கேட்காமல் திரும்பிக்கொள்ளத்தான் நினைத்தேன். காது திரும்பவில்லை. டொக், டொக், டொக். நாலாவது, வலது முன்னங்கால், லேசாக விழுந்தது. பிரமை என்று நினைத்துக் கூடவே கொஞ்ச தூரம் நடந்தேன். மறுபடியும் அதேதான். கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. தலை ஆடவில்லை, நடை அழகாகவே இருந்தது. ட்ரெய்னர் ஓட்டத்தின் நேரத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்த முகமாக நின்றார். காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சூடு இல்லை, வீக்கம் இல்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவர் சொன்னதும் உண்மைதான்.

என் காது தப்பாக இருக்குமோ என்ற பயம் ஒரு நிமிஷம்கூட வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கால் ஓட்டத்தில் போகும் என்று எனக்குத் தெரியும். வேகத்தில் போனால் மேலே இருக்கிறவனும் போவான். சொல்லாமல் விட்டால் அது நடக்கும். சொன்னால், நம்பாமல் ஏறினால், சந்தேகத்தோடு ஏறுவான், அது இன்னும் மோசம். நம்பினாலோ, ஒரு வருஷமாகக் காத்திருந்த குதிரையை நானே அவன் கையிலிருந்து பிடுங்கினதாகிவிடும். வெள்ளிக்கிழமை கம்பெனியில் நல்ல பேரிங்கைத் தூக்கிக் கழிவுப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து மேஜைப் பெண் பார்த்துவிட்டு, "இன்னாக்கா ஆச்சு உனுக்கு?" என்றாள்.

ஷிஃப்ட் முடிந்ததும் பூந்தமல்லி பஸ் பிடித்தேன். வேலப்பன்சாவடியில் பஸ் நகரவே இல்லை. குழுவுக்கு மற்ற ரேஸ்களுக்கான வாய்ஸை அந்த நெரிசலிலேயே பேசி அனுப்பினேன். பூந்தமல்லியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் நசரத்பேட்டையில் தம்பி வீட்டுக்குப் போனபோது அவன் எடைக்காகக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். கதவைத் திறந்த அவன் பெண்டாட்டி என் முகத்தைப் பார்த்ததுமே, "அண்ணி, நாளிக்கு ரேஸை வச்சுக்கினு ஒண்ணும் பேசிடாதீங்க" என்றாள். வழக்கம் அவளுக்கும் தெரியும்.

"பேசத்தான்மா வந்தேன்" என்றேன்.

தம்பி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "வேணாங்கா. வாயத் தொறக்காத."

"தொறக்காம இருக்க முடில. அந்தக் குதிரை சரியில்லடா."

அவன் பெண்டாட்டி தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தம்பியின் முகம் சிவந்தது. "இத்தினி வருஷம் கம்முனு இருந்துட்டு இன்னிக்கா வந்து சொல்லுவ? உன் காதுக்குப் பேர் வாங்க என் பொழப்புதான் கெடச்சுதா?"

பெயர் வாங்கவாம்! எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பேரு இன்னாடா பேரு, மயிரு. நீ முழுசா ஊடு வந்து சேரணும்னு வந்துகீறேன். கீழ வுழுந்தா நான்தானே ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கணும்?" என்று கத்தினேன். கண்ணீர் வந்துவிட்டது. எனக்கு அழுவது பிடிக்காது, அதனால் இன்னும் கோபம் வந்தது.

தம்பி தரையைப் பார்த்தபடி, "எந்தக் காலு?" என்றான்.

"முன்னாடி. வலது."

அவன் தலை சட்டென்று நிமிர்ந்தது. "வலதா? நல்லாக் கேட்டியா?"

"நல்லாக் கேட்டேன்."

"அது எடது பக்கமா சாயுதுக்கா" என்றான் மெதுவாக. "வேகம் எடுத்தா எடது பக்கமா இழுக்குது. ரெண்டு வாரமா அப்டித்தான் கீது." தன் இடது தோளைக் கையால் பிடித்துக்கொண்டான். "நான்தான் இழுக்கிறேன்னு நெனச்சேன். தோளு சுருங்கிப் போச்சு, நேரா உக்கார வர்ல, ஓட்ற கை எனக்குப் போயிடுச்சுன்னு நெனச்சேன். யார்கிட்டயும் சொல்லல. இவகிட்டகூட சொல்லல."

வலது கால் வலித்தால் குதிரை அதைக் காப்பாற்றிக்கொள்ள இடது பக்கம் சாயும். குதிரை ஏறுகிற எவனுக்கும் இது தெரியும். தம்பிக்கும் தெரியும். ஆனால் விழுந்து எழுந்தவன் முதலில் தன்மேல்தான் சந்தேகப்படுகிறான். குதிரையின் குறையைத் தன் குறை என்று இரண்டு வாரமாகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறான்.

"அப்போ எனுக்குப் போவல" என்றான்.

"இன்னாடா போவும் உனுக்கு? அந்த ட்ரெய்னர் கைக்குத் தெரியாதது உன் கடிவாளத்துக்குத் தெரிஞ்சுகீது" என்றேன்.

அவன் சிரித்தான். ஒரு வருஷமாக நான் பார்க்காத சிரிப்பு. சிரித்துக்கொண்டே அழுதான். அவன் பெண்டாட்டிக்கு எதற்குச் சிரிக்கிறோம் என்று புரியவில்லை. ரேஸ் போகிறது, இரண்டு பேரும் இளிக்கிறீர்களே என்று எங்கள் இருவரையும் திட்டினாள்.

உடனே ட்ரெய்னருக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் அவர் குரல் எங்களுக்கும் கேட்டது. "சார், அது வலது முன்னங்காலைக் காப்பாத்திக்கினு ஓடுது. ஸ்கேன் பண்ணிப் பாருங்க" என்றான். அவர் வெடித்தார். நாளைக்கு ரேஸை வைத்துக்கொண்டு விளையாடுகிறாயா, பயமாக இருந்தால் சொல், வேறு ஆளை ஏற்றுகிறேன் என்றார். பிறகு, "யார் சொன்னா உனக்கு?" என்று கேட்டார்.

தம்பி என்னைப் பார்த்தான். சொல்லத்தான் வாயெடுத்தான். நான் வேகமாகத் தலையை ஆட்டி, விரலால் அவனையே காட்டினேன். ட்ரெய்னருக்கு வேண்டியது பேரிங் கம்பெனிக்காரியின் காது இல்லை. குதிரைமேல் உட்கார்ந்து குறையைக் கண்டுபிடிக்கிற ஆள்தான் அவருக்கு வேண்டும், அந்த ஆள் இவன்தான்.

"மேல உக்காந்தவனுக்குத் தெரியாதா சார்?" என்றான் தம்பி.

சனிக்கிழமை காலையில் ஸ்கேன் எடுத்தார்கள். காலின் பின் நரம்பு நைந்திருந்தது. ஓடியிருந்தால் அறுந்திருக்கும் என்று குதிரை டாக்டர் சொன்னாராம். குதிரையை ரேஸிலிருந்து எடுத்துவிட்டார்கள். தம்பிக்கு அன்றைக்கு ஏற வேறு குதிரை இல்லை. சாதாரணச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து கூட்டத்தில் என் பக்கத்தில் நின்று, தான் ஓட்டியிருக்க வேண்டிய ரேஸை வேடிக்கை பார்த்தான். அவன் கை கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. அந்தக் கை முழுசாக இருந்தது.

அன்று சாயங்காலம் குழுவில் எனக்குக் கச்சேரி வைத்தார்கள். கோயம்புத்தூர்க்காரர் ஆரம்பித்தார். "அக்கா, ஃபேவரிட் காலே சரியில்லையாம்ங்க. வியாழக்கிழமை அங்கதான நின்னீங்க? சிமெண்டுல ஒண்ணும் கேக்கலீங்களா?" சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக விழுந்தன. ஓர் ஆட்டோக்காரர், "அக்கா காது அவுட்டு மாமே, இனிமே மாடல்தான்" என்று போட்டார்.

நான் விடுவேனா? போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, வியாழக்கிழமை கேட்டதை ஒன்றுவிடாமல் பேசினேன். பேசி முடித்து ஒருமுறை போட்டுக் கேட்டேன், பிரமாதமாக இருந்தது. அனுப்பப் போன விரல் அப்படியே நின்றது. குழுவில் போட்டது கிண்டிக்குப் போக எவ்வளவு நேரமாகும்? அழித்துவிட்டேன். "கேக்கலப்பா. வயசாவுது இல்ல? மேல உக்காந்தவனுக்குத்தான் தெரிஞ்சுது" என்று எழுதினேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ட்ரெய்னர் கிண்டியில் பார்க்கிறவர்களிடமெல்லாம், பெரிய ரேஸையே வேண்டாம் என்று சொல்லிக் குதிரையைக் காப்பாற்றிய ஜாக்கி என்று தம்பியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். மழைக்காலம் முடிந்ததும் ஒரு லாயத்திலிருந்து, ரேஸுக்கு ஏறச் சொல்லித் தம்பிக்குப் போன் வந்தது. அடுத்த வாரம் இன்னொரு லாயத்திலிருந்தும் வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை கம்பெனி வாசலில் நின்றபடியே வாய்ஸ் போட்டேன். முதல் ரேஸ், இரண்டாவது ரேஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். நாலாவதற்கு வந்ததும் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"நாலாவது ரேஸுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேன். என் தம்பி ஏர்றான்."