சித்தப்பா விழும் காட்சி

எங்கள் சித்தப்பா நடித்த சண்டைப் படம் கும்மிடிப்பூண்டி கொட்டகையில் ஓடியபோது எனக்கு ஒன்பது வயது. நடித்தார் என்றால் அரை நிமிடம், அதுவும் முதுகுதான் தெரியும். ஆனாலும் எங்கள் தெருவில் வேறு யாருடைய சித்தப்பாவுக்கும் முதுகுகூடத் திரையில் தெரிந்ததில்லை.

அவர் தொழிற்பேட்டையில் ஒரு இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆலையை மூடி ஒரு வருடம் ஆனபின், கடைசிச் சண்டையை அங்கே எடுக்கச் சென்னையிலிருந்து படக்கம்பெனி வந்தது. கூரையை ஒட்டி, கிரேன் ஓடும் தண்டவாளத்தின் ஓரமாக ஒரு முழ அகலத்தில் இரும்புப் பலகை ஒன்று போகும். வில்லனின் ஆள் அதில் நடந்து வர, கதாநாயகன் கீழேயிருந்து சுட வேண்டும். சண்டைக்காரர்கள் மேலே ஏறிப் பார்த்துவிட்டு யோசித்தார்கள். வேலையில்லாமல் வீட்டில் கிடந்த சித்தப்பா முன்னால் போய் நின்றார்.

"நான் கண்ண மூடிக்கினு நடப்பேன் சார்."

முதலில் நடக்க மட்டும்தான் பேச்சு. அவர் நடையைப் பார்த்த சண்டை மாஸ்டர், விழுவதையும் நீயே செய்துவிடு என்றார். கீழே அட்டைப்பெட்டிகளை அடுக்கி மெத்தை போட்டார்கள்.

கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு இப்பால் சித்தியும் நானும் நின்று பார்த்தோம். வெடிச் சத்தம் கேட்டது. சித்தப்பா கைகளை விரித்தபடி விழுந்தார். மெத்தையின் விளிம்பில் பட்டு, பக்கத்தில் கிடந்த இரும்பு உருளையின் மேல் சரிந்தார். டைரக்டர் ஓகே சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள், நானும்தான்.

"இன்னும் ஏன் எந்திரிக்கல?" என்று சித்தி மட்டும் கேட்டாள்.

சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் வைத்திருந்து அனுப்பினார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. படக்கம்பெனி ஆட்கள் ஒருமுறை பழங்களோடு வந்தார்கள். காட்சி பிரமாதமாக வந்திருக்கிறது, வெட்டவே மாட்டோம் என்று அவரிடம் சொன்னார்கள். சொன்னபடியே வெட்டவில்லை.

படம் வந்தபோது எனக்கு அரையாண்டு லீவு. சித்தி தினமும் என்னைக் கூட்டிக்கொண்டு மதியக் காட்சிக்குப் போனாள். மாத்திரை வாங்கப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தாள். படம் முழுக்கக் குனிந்தே உட்கார்ந்திருப்பாள். சித்தப்பா பலகையில் கால் வைத்ததும் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு நிமிர்வாள். இடது தோளைக் கொஞ்சம் இறக்கி, சாவகாசமாக அவர் நடப்பார். கதாநாயகன் துப்பாக்கியைத் தூக்கியதும் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிடுவாள். முதல் மூன்று நாளும் இப்படித்தான். நல்ல கட்டத்தைப் பார்க்க விடுவதில்லையே என்று எனக்கு அழுகையாக வரும்.

நாலாம் நாள் கையை உதறிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். சித்தப்பா விழுந்தார். கொட்டகையே விசிலடித்தது. நானும் சீட்டின் மேல் ஏறி நின்று கத்தினேன்.

அன்று சாயந்திரம் சித்தி தண்ணீர் பிடிக்கப் போன சமயம் பார்த்து, அவர் கட்டிலருகே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"நீ உழும்போது எல்லாரும் விசில் அடிச்சாங்க சித்தப்பா. ஒன்ஸ்மோர் கேட்டாங்க."

"உங்க சித்தி இன்னா பண்ணா?"

"அது நீ உழறதுக்கு முன்னாடியே எழுந்து வெளிய பூடுது. தெனமும் அப்படித்தான்."

"தெனமுமா படத்துக்குப் போறா?"

"ஆமா."



"உழறதுக்கு முன்னாடி நான் இன்னா பண்றேன்?"

"ஒண்ணும் இல்ல. சும்மா நடந்து போற. அவ்ளோதான்."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். விசிலைப் பற்றி இன்னும் எவ்வளவோ சொல்ல வைத்திருந்தேன். அவர் ஒன்றும் கேட்காதது எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நல்ல கட்டம் வருவதற்குள் எழுந்து போகிறவளுக்கு எதற்குத் தினமும் ஒரு டிக்கெட் என்றுதான் அன்றைக்கு யோசித்துக்கொண்டிருந்தேன்.