தாரில் இட்ட முட்டைகள்

சதுப்பு நிலத்தின் குறுக்கே போகும் பாலத்துச் சாலையைப் பெருக்குவது அவள் வேலை. இருபது வருடமாக. கோடை முடிகிற அந்த ஒரு வாரம் அவளுக்கு இடுப்பு ஒடிந்துவிடும். வருடம் முழுக்கச் சேற்றுக்குள் வளர்ந்த ஒருநாள் பூச்சிகள் சாயங்காலம் வெளிவந்து பறந்து, முட்டையிட்டு, விடிவதற்குள் செத்துக் கிடக்கும். சாலையில் கணுக்கால் உயரத்துக்கு. வண்டிகள் வழுக்கும். எட்டு மூட்டை அள்ளுவாள். அள்ளும்போதே அவற்றின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்ப்பாள். பூச்சியக்கா என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

பிறகு வெயில் ஏறியது, மழை தவறியது, தண்ணீர் சுருங்கியது. எட்டு மூட்டை மூன்றானது. போன வருடம் ஒரு முறம்தான். அதுவும் வழக்கத்தைவிட ஒரு மாதம் முன்பே.

அதை அள்ளக் குனிந்தவள் குனிந்தபடியே நின்றாள். சாலையெங்கும் மஞ்சள் மஞ்சளாக முட்டைகள். பாலத்தின் கீழே சேறு வெடித்துக் கிடந்தது. பளபளத்தது தார் மட்டுமே. பூச்சிகள் அதைத் தண்ணீர் என்று நம்பிவிட்டன. வெயில் வந்தால் முட்டைகள் கருகிப்போகும். அட்டைத் துண்டால் வழித்து வாளித் தண்ணீரில் போடத் தொடங்கினாள்.

பாலத்தை ஒட்டிய பம்ப் அறைக்கு ஆபரேட்டர் வேலைக்கு வந்தார். "என்னக்கா, பூச்சிக்குப் பிரசவம் பாக்கறீங்களா?"

"பிரசவம் ஆயிடுச்சு தம்பி. இடந்தான் தப்பு."

"வாயாரத் திட்டினது நீங்கதானே?"

"திட்டினேன். வராதேன்னா சொன்னேன்? வாளியைப் பிடி."

பம்ப் அறைக்குப் பின்னால் ஒரே ஒரு குட்டை மிச்சமிருந்தது. ஆபரேட்டர் கைவிட்டுப் பார்த்தார். "வெந்நீர் மாதிரி இருக்கேக்கா. இதுல பொழைக்குமா?"

"வேற தண்ணி வச்சிருக்கியா?"

வாளியை அதில் கவிழ்த்தாள். பாதி முட்டைகள் உமியாக மிதந்தன. மீதி மூழ்கின. முழங்கால் வலிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மாதத்தில் அந்தக் குட்டையும் சுண்டியது. தினமும் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். ஊற்றியது மாலைக்குள் காய்ந்தது. ஒரு நாள் குடத்தைக் கவிழ்த்துவைத்துவிட்டாள்.

இந்த வருடமும் பூச்சிக் காலத்துக்கென்று புது விளக்குமாறு கட்டினாள், இரண்டு மாதம் முன்கூட்டியே. விடியற்காலையில் போய் நின்றாள். மறுநாளும் நின்றாள். கோடை முடிந்தது.

மேற்பார்வையாளர் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தார். "ரோடு கண்ணாடியாட்டம் இருக்கேம்மா."

"நான் இன்னும் பெருக்கவே இல்லைங்க," என்றாள்.