பை முன்னே, செட்டியார் பின்னே

சைகோனுக்கு வரும் தமிழர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டும் பொறுப்பை அரசாங்கம் எவருக்கும் கொடுக்கவில்லை. ஆகவே பென்தான் சந்தைக்கு எதிரே ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழிக்கும் வயிரவன் அதைத் தாமே எடுத்துக்கொண்டார். ஹோண்டாக்களும் சிக்லோ என்னும் சைக்கிள் ரிக்‌ஷாக்களும் ராணுவ லாரிகளும் முட்டி மோதும் அந்த நகரத்தில் பிறர் வரைபடம் பார்த்துப் போவார்கள். வயிரவன் பஞ்சாங்கம் பார்த்துப் போவார். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், அந்தத் திசையில் கிளம்பினால் ஆகாது என்பதால், மேற்கே கூப்பிடு தூரத்தில் இருந்த மாரியம்மன் கோயிலுக்கு விருந்தாளிகளைக் கிழக்கே ஆற்றங்கரை வரை கொண்டுபோய்ச் சுற்றி அழைத்து வந்த பெருமை அவருக்கு உண்டு. சிக்லோக்காரர்கள் அவரைக் குலதெய்வமாகவே மதித்தார்கள்.

சிங்கப்பூரிலிருந்து ஊர் பார்க்க வந்த முத்தையா செட்டியாருக்குச் செவ்வாய்க்கிழமை காலை திரும்பும் விமானம். அன்று மாலையே அங்கே கோயில் காரியக்காரரைத் தேர்ந்தெடுக்கப் பங்காளிகள் கூடுகிறார்கள். இவர் போய்ச் சேராவிட்டால் பதவி போட்டிக்கு நிற்கும் சாத்தப்பனுக்கு. சாத்தப்பன் கையால் திருநீறு வாங்குவதைவிட நெற்றியை மொட்டையாக வைத்துக்கொள்ளவே செட்டியார் தயாராக இருந்தார்.

விமான நிலையமோ வடக்கே. செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம்.

"பயப்படாதீங்க செட்டியாரய்யா. பரஸ்தானம் வச்சுருவோம்" என்றார் வயிரவன். பயணச் சாமான் ஒன்றை முன்கூட்டியே நல்ல வேளையில் கொண்டுபோய், போகிற வழியில் தெரிந்த இடத்தில் வைத்துவிட்டால், ஆளே புறப்பட்டுவிட்டதாகக் கணக்கு.

"பழைய வேட்டி ஒண்ணு தர்றேன், கொண்டுபோய் வையி."

"வேட்டியா? வேட்டி இல்லாமக்கூட ஊர் போய்ச் சேர்ந்துறலாமுங்க. எது இல்லாட்டிப் பயணமே இல்லையோ, அதை வைக்கணும்."

செட்டியார் யோசித்தார். பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் தோல்பையில் போட்டுக் கொடுத்தார். திங்கட்கிழமை நல்ல நேரத்தில் அந்தப் பை, வடக்கே ஃபூ நுவானில் வயிரவனுக்குத் தெரிந்த ராஜுவின் மளிகைக்கடையில் போய் அமர்ந்தது.

செவ்வாய் காலை இருவரும் குட்டி ரெனோ டாக்சியில் ராஜுவின் கடை வாசலில் இறங்கினார்கள்.

"பையா? அது அப்பவே பறந்துருச்சே!" என்றார் ராஜு, வயிரவனிடம் மலர்ந்த முகத்துடன். "சிங்கப்பூர்க் கோயில் காரியமா போற பரஸ்தானப் பைன்னு நீருதானே சொன்னீரு? பக்கத்துக் கடை நஜ்முன்னிசா அக்கா சேலை எடுக்க முந்தின பிளேன்ல சிங்கப்பூர் போனாங்க. கோயில்லயே குடுத்துருங்கக்கான்னு அனுப்பிட்டேன்."

செட்டியார் வாயைத் திறந்தார். வந்ததை அச்சிட முடியாது.

"பரஸ்தானம் இவ்வளவு தூரம் போய் நான் பார்த்ததே இல்லைங்க" என்றார் வயிரவன் பணிவாக.

வியாழக்கிழமை நஜ்முன்னிசா அதே பையோடு திரும்பி வந்தார். அதுவரை செட்டியார் வயிரவன் முகத்தில் விழிக்கவில்லை.

"உங்காளுங்க போட்ட சண்டை இருக்கே! வாசல்லயே நின்னு பார்த்தேன்" என்றார் நஜ்முன்னிசா. "பரஸ்தானம் வந்துருச்சு, அப்ப ஆள் வந்த மாதிரிதான்னு பாதிப் பேரு. அதெப்படின்னு சாத்தப்பன். அவரு கத்தக் கத்த, எல்லாரும் பையைப் பார்த்தாங்க. அது பாட்டுக்குப் பேசாம இருந்துச்சு. இவ்வளவு அடக்கமான ஆளை எங்க தேடுறதுன்னு உங்களையே காரியக்காரராப் போட்டுட்டாங்க. பைக்கு மாலையெல்லாம் போட்டாங்க."

வயிரவன் தள்ளியே நின்றார். செட்டியார் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாலை போட்டது சரி ஆத்தா" என்றார் கடைசியில். "பையை நாற்காலியில வச்சாங்களா, தரையில வச்சாங்களா?"