தென்காசிப் பிரசவ அறையில் மூன்று ஸ்பானிஷ் சொற்கள்

அறுபதுகளின் நடுவில், ஆடிச் சாரலில் நனைய வேண்டும் என்பதற்காக மட்டும் அண்ணன் குடும்பத்தோடு குற்றாலம் போயிருந்தேன். அப்போது மதுரையில் ஆங்கில ஆசிரியை.

இரண்டாம் நாள் பகலில் விடுதியின் அடுத்த அறையிலிருந்து அலறல். பெரு நாட்டுப் பொறியாளர் ஒருவரும் நிறைமாத மனைவியும் தங்கியிருந்தார்கள். பனிக்குடம் உடைந்துவிட்டது. அவளுக்கு ஸ்பானிஷ் தவிர எதுவும் தெரியாது. கணவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம். பெண் துணையாக நானும் வாடகைக் காரில் ஏறினேன்.

தென்காசிக்கு மூன்றே மைல்தான். ஆனால் சாலையெல்லாம் தண்ணீர்.

“வேகமாப் போனா வண்டி நின்னுரும்க்கா. அவியளப் புடிச்சுக்கிடுங்க” என்றார் டிரைவர்.

பிரசவ அறைக்குள் ஆண்களை விடமாட்டார்கள் என்றேன். கணவர் என் பக்கம் திரும்பினார்.

“அப்படியானால் உள்ளே நர்ஸ் சொல்வதை நீங்கள்தான் அவளிடம் ஸ்பானிஷில் சொல்ல வேண்டும்” என்றார். “யார், எப்போது என்று வினையை மாற்றப் பழக நேரமில்லை. மூல வடிவம் போதும், அவளுக்குப் புரியும்.”

நம் ‘போக’, ‘வர’ மாதிரி. ஸ்பானிஷில் அவை ஆர், எர், இர் என்று முடியும். எனக்கு வந்த மூன்றும் ஆர். ரெஸ்பிரார், மூச்சுவிட. எஸ்பெரார், காத்திருக்க. மூன்றாவதை அவர் சிகரெட் பெட்டியில் ஆங்கில எழுத்தில் எழுதிக் காட்ட, ‘எம்புஜார்’ என்று படித்தேன்.

“இல்லை! எம்புஹார். தொண்டையிலிருந்து!”

முக்க என்று பொருள். கார் நிற்கும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கத்தினார்: “முக்கச் சொல்லுங்கம்மா!”

பதற்றத்தில் ‘எம்புஜார்’ என்றேன். அவள் விழித்தாள். மறுபடியும் அதையே சொன்னேன். பிறகுதான் தொண்டையைச் செருமி, “எம்புஹார்!” அவள் பல்லைக் கடித்து முக்கினாள். தலை தெரிந்தது.

“ஐயோ, கொடி கழுத்தச் சுத்தியிருக்கு. முக்க வேண்டாம்னு சொல்லுங்க!”

ரெஸ்பிராரா, எஸ்பெராரா? இரண்டும் நாக்கில் முட்டின. அவள் கையைப் பற்றிக்கொண்டு, “எஸ்பெரார்... எஸ்பெரார்” என்றேன். உடம்பெல்லாம் நடுங்க, அவள் அடக்கிக்கொண்டாள். நர்ஸம்மா கொடியை விடுவித்தார். குழந்தை நீலமாக வெளியே வந்தது. சத்தமில்லை. முதுகில் தேய்த்தார். மறுபடி தேய்த்தார். அப்புறம் அழுதது.

அயல்மொழி பேசுகிற ஊருக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் பத்து வினைகளை மூல வடிவிலேயே பழகுங்கள். எழுத்தை நம்பாதீர்கள், காதால் கேட்டுப் பழகுங்கள்.

நான் கிளம்பும்போது அவள் என் கன்னத்தைத் தொட்டு, “டெஸ்கான்ஸார்” என்றாள். எனக்குத் தெரியாத வினை. வெளியே வந்து கணவரிடம் கேட்டேன்.

“ஓய்வெடுக்க” என்றார். “உங்களைச் சொல்கிறாள்.”