நூறு கூட்டி எழுதிய தையல்காரர்

அரையங்குலம் என்றால்தான் அந்தத் தையல்காரரைத் தெருவில் தெரியும். யாருக்குத் துணி வெட்டினாலும் உள்ளே அரை அங்குலம் கூடுதலாக மடித்துத் தைப்பார். "நாளைக்கே தொப்பை போட்டீங்கன்னா என்னைத் திட்டக்கூடாதுல்ல?" என்பார்.

அந்தக் குடும்பத்தில் வேலைநாளில் படுத்தவர் கிடையாது. அப்பா காய்ச்சலோடு மெஷின் மிதித்தவர். சித்தப்பா காலில் கட்டுப் போட்டுக்கொண்டே பட்டன் தைத்தார். பெரிய அத்தை பிள்ளை பெற்ற பத்தாம் நாளே பட்டன் துளைக்குக் காஜா எடுக்க உட்கார்ந்துவிட்டாள். இவருக்குச் சர்க்கரை வியாதி வந்து உடம்பு அடித்துப் போட்டாற்போல் ஆனபோதுதான், அந்த வீட்டில் ஒருவர் பகலில் படுக்க அனுமதி கிடைத்தது.

மாத்திரையில் மூன்றே மாதத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது. அசதி மட்டும் இறங்கவில்லை. அதுவும் வேறு மாதிரி ஆகியிருந்தது. முன்பு கை ஓய்ந்தாலும் கண் துணியைத் தேடும். இப்போது யாரோ கொண்டுவந்த புதுத் துணி மடிப்புக்கூடப் பிரியாமல் மேசையில் கிடந்தது. விடியுமுன்பே விழித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடப்பார்.

காலையில் விரலைக் குத்திச் சர்க்கரை மெஷினில் பார்த்து நோட்டில் எழுதுவது அவர் பொறுப்பு. ஒருநாள் நூற்றுப் பதினெட்டு காட்டியது. நல்ல எண்தான். ஆனாலும் அவர் இருநூற்றுப் பதினெட்டு என்று எழுதிவிட்டுப் போய்ப் படுத்தார். துணியில் அரை அங்குலம் கூட்டியவர், அன்றிலிருந்து நோட்டில் நூறு கூட்டினார். மனைவி அவர் சாப்பாட்டைக் குறைத்தாள், இன்னும் குறைத்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நோட்டைப் பார்த்துவிட்டு, மாத்திரையைக் கூட்டி எழுதப் பேனாவை எடுத்தார். நர்ஸம்மா மனைவியின் பையிலிருந்த சர்க்கரை மெஷினை வாங்கிப் பட்டனை அமுக்கினாள். பழைய எண்களெல்லாம் அதற்குள் அப்படியே இருந்தன. தையல்காரருக்கு அது தெரியாது.

"ஐயா, இதுல எல்லாமே நல்லாத்தானே இருக்கு. நோட்டுல மட்டும் ஏன் ஏறுது?"

மனைவிக்கு முகம் வெளிறிப்போனது. "ஏங்க, பொய்யா எழுதினீங்க? தட்டுல இருந்ததப் புடுங்கி வச்சேனே, பாவி நான்!"

"சுகர் இல்லேன்னா ஏன் படுத்திருக்கேன்னு கேப்பீங்க. என்னத்தச் சொல்ல?"

டாக்டர் பேனாவை மூடினார். "கத்திரியப் புடிக்க முடியலையா, புடிக்கணும்னே தோணலையா?"

அவர் சொன்னார்: "தோணல. எதுவுமே தோணல. காலையில கண்ணு முழிக்காமப் போயிட்டாத் தேவலைன்னு மட்டும் தோணும்."

"இது சர்க்கரை பண்ற வேலை இல்லீங்க. மனசுக்கு வந்திருக்கிற நோவு. இதுக்கும் வைத்தியம் இருக்கு." மனநல டாக்டருக்குச் சீட்டு எழுதி, மறுநாளே போகச் சொன்னார். மனைவியிடம், "அதுவரைக்கும் தனியா விட்டுடாதீங்கம்மா" என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் மனைவியின் போன் அடித்தது. அவளுடைய தம்பி. அவன் குரல் இவருக்கும் கேட்டது. "என்னக்கா, மாமாவுக்கு எவ்வளவு இருக்காம்?"

சீட்டை நாலாக மடித்துப் பையின் அடியில் செருகியபடி, அவர் முகத்தைப் பாராமல் சொன்னாள்: "இருநூறுக்கு மேலதான்டா. இறங்கவே மாட்டேங்குது."

போனை வைத்துவிட்டு அவர் சட்டை நுனியை இறுகப் பிடித்துக்கொண்டாள். இனி அந்த நூற்றை இவள் கூட்டுவாள் என்று நினைத்து அவர் தலையைக் குனிந்துகொண்டார்.