வேக்சின் பெட்டியில் குதிரைக் காது

என் அண்ணனின் குதிரை செத்த அன்று நான் அழவில்லை. எனக்கு அதைப் பிடிக்காது. ஓடும், அதை மறுக்கமாட்டேன். பள்ளிபாளையம் பக்கம் கோயில் நோம்பித் திருவிழாக்களில் நடக்கும் குதிரை வண்டிப் பந்தயத்தில் அதை முந்திய வண்டி கிடையாது. ஆனால் பக்கத்தில் போனால் கடிக்கும். அதற்கு வாரிசும் இல்லை. பொட்டைக் குதிரையைக் கண்டால் வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடும் என்று, ஆண் குட்டிகளுக்குச் சின்னதிலேயே காயடித்துவிடுவார்கள். இதற்கும் அடித்தார்கள். பெரிய ஓட்டக்காரன் என்று தெரிந்தது அதற்கப்புறம்தான்.

வயிற்று வலி வந்து செத்தது. அதைப் புதைத்த கையோடு அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். காபியை வாங்கிக்கொண்டே கொட்டகையைப் பார்த்தார். அங்கே என் குதிரை நின்றது. தாய்மாமன் சீராக மாடு கொடுக்கிற ஊரில், என் மகள் சீருக்கு இவர் பந்தயக் கிறுக்கில் ஒரு பெண் குதிரைக் குட்டியைக் கொண்டுவந்து கட்டினார். ஊரே சிரித்தது. வளர்த்தது நான்.

"அம்மணி, செத்த குதிரையோட காதுல கொஞ்சம் அறுத்து வெச்சிருக்கறேன். அதுலிருந்து அதே குதிரைய அச்சா உண்டாக்கறாங்களாம், குளோனிங்காம். வெளிநாட்டுல இருந்து கரு வந்துரும். வயிறு மட்டும் நம்மளது. உன்ற குதிரைய அனுப்பு."

காபி டம்ளரைப் பிடுங்கலாம் போல இருந்தது. போன தடவை என் குதிரை சினையானபோது குட்டி குறுக்கே நின்றுவிட்டது. டாக்டர் தோள் வரைக்கும் கையை விட்டு, செத்த குட்டியைத்தான் வெளியே எடுத்தார். இன்னொரு சினை தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதே இந்த அண்ணன்தான்.

"செத்துப்போயிருமுங்க அண்ணா."

"இது வேற மொறை அம்மணி. எல்லாம் மெசினு."

"பெக்கறதும் மெசினுங்களா?"

"நான் சீராக் குடுத்த குதிரைதான அது?"

"சீர்ல வந்த அண்டாவையும் திருப்பிக் கேப்பீங்களா?"

என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். "அவ குதிரைங்க மச்சான்" என்று மட்டும் சொன்னார். அதற்கே அவருக்கு வேர்த்துவிட்டது.

அண்ணனுக்குக் கோழிப்பண்ணை. ஒரு கோழி செத்தால் அச்சாக அதே மாதிரி இன்னொன்று கூண்டுக்கு வரும். குதிரையையும் அப்படி நினைத்துவிட்டார். வருகிற குட்டி அதே நிறத்தில் இருக்கும், கடிக்கவும் கடிக்கும். ஓடுமா? அதைப் பழக்கிய வருஷங்களை எந்தக் கம்பெனி அனுப்பும்? ஒரு குட்டி பிழைப்பதற்குள் எத்தனை பொட்டைக் குதிரைகளுக்குக் கரு கலையும் என்று எவனும் பேசுவதில்லை. ஓடிய குதிரைக்கு மாலை, சுமந்த குதிரைக்குச் சாவு. என் ஆத்திரம் அதுதான்.

ஆனால் அப்பா அம்மா இல்லாத எனக்குப் பிறந்த வீடு என்றால் அவர்தான். முடியாது என்று முகத்தில் அடித்தால் நோம்பிக்குக் கூப்பிட ஆளில்லை. "டாக்டர் சொல்லட்டுமுங்க" என்றேன். குட்டியை எடுத்த அதே டாக்டர்.

மறுநாள் டாக்டர் அண்ணனின் பண்ணைக்கு வந்தார். நானும் போயிருந்தேன். அண்ணன் கோழி வேக்சின் வைக்கும் ஃபிரீசரைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பண்ணையில் எது கெடக்கூடாது என்றாலும் அந்தப் பெட்டிக்குள்தான் போகும். டாக்டர் அதை மேசையில் தட்டினார். கல் போலச் சத்தம் வந்தது.

"செத்த ஒடனே வெச்சுட்டனுங்க. கூலிங் ஃபுல்லு" என்றார் அண்ணன் பெருமையாக.

"சும்மா ஐஸ் மேல வெச்சு, ஒடனே லேபுக்கு அனுப்பியிருக்கோணும். இப்படி ஒறைஞ்சா உயிர் எதுவும் மிஞ்சாதுங்க."

"கொஞ்சங்கூடவா?"

"இதுல கொழம்புகூட வெக்க முடியாதுங்க."

அண்ணன் பொட்டலத்தை மறுபடியும் ஃபிரீசருக்குள் வைக்கப் போனார். நான் பிடுங்கிக்கொண்டேன். குதிரையைப் புதைத்த இடத்திலேயே அதையும் போட்டு மூடினோம்.

"அடுத்த குதிரைக்காச்சும் காயடிக்காம விடுங்க அண்ணா."

"அப்ப அதோட சேக்கறதுக்கு உன்ற குதிரை..."

"அதுக்கும் என்ற குதிரை கெடையாதுங்க."

அவர் சிரித்துவிட்டார். "நோம்பிக்கு நேரத்தோட வந்துரு அம்மணி" என்றார்.

வீட்டுக்கு வந்து தீவனம் வைத்தேன். என் குதிரை வழக்கம்போல வாளியை உதைத்துக் கவிழ்த்தது. அன்றைக்கு மட்டும் திட்டாமல் அள்ளிப் போட்டேன்.