இருவாச்சியின் இடது கை

எங்கள் ஊரான லூசெனாவில் தண்ணீர் இணைப்பு அலுவலகத்துக்கு வந்து போகிறவர்களுக்கு நெரிசா விலியாபாண்டோவைத் தெரியும். இரண்டாம் ஜன்னலில் உட்கார்ந்திருப்பாள். மூன்றாம் ஜன்னலில் நான். அவளுடைய மகளுக்கு நான் ஞானத்தாய் ஆனதிலிருந்து ஒருவரையொருவர் ‘மாரே’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறோம்.

அவளுக்குக் கம்ப்யூட்டர் பைத்தியம் உண்டு என்பது அலுவலகத்தில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. கணவன் ரோதெல் கப்பலில் வேலை செய்கிறான், வருடத்தில் ஒன்பது மாதம் கடலில்தான். அந்த நாட்களில் யாரிடமும் கேட்காமல், இணையத்தைப் படித்துப் படித்தே நிரல் எழுதக் கற்றுக்கொண்டாள். பிறகு ஒரு விளையாட்டை உருவாக்கினாள். ‘தாகாட்’ என்று பெயர், எங்கள் மொழியில் கடல். அதில் படமே கிடையாது, வெறும் எழுத்துதான். ‘வடக்கே போ’ என்று தட்டினால் கப்பல் வடக்கே போகும். ‘கொப்பரை வாங்கு’ என்றால் வாங்கும். நடுவே ஆட்டக்காரர்கள் அரட்டையும் அடிக்கலாம். அவள் வீட்டுச் சமையலறை மூலையில், அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில், மூடி கழற்றிய ஒரு பழைய கம்ப்யூட்டர்தான் அதன் சர்வர். வெயில் நாளில் வீட்டின் ஒரே மேசை விசிறி அதற்குத்தான் வீசும். மனிதர்கள் அட்டையால் விசிறிக்கொள்ள வேண்டியதுதான்.

நாற்பது பேர் ஆடினார்கள். எல்லோருக்கும் புனைபெயர். உண்மைப் பெயர், ஊர், எண் எதுவும் கேட்பதில்லை என்பது நெரிசாவின் சட்டம். அதற்காகவே சிலர் வந்தார்கள். எங்கிருந்தோ வந்து குவியும் மருந்து விளம்பரங்களைத் துடைப்பதும், யாராவது கண்டுபிடிக்கும் ஓட்டையை அடைப்பதும் அவளுடைய அன்றாட வேலைகள். மூழ்கும் கப்பலைச் சரியான நொடியில் சேமித்தால் கொப்பரை இரட்டிப்பாகிறது என்று ஒருமுறை ஒருவன் கண்டுபிடித்துவிட்டான். அதைச் சரிசெய்வதிலேயே புனித வாரம் முழுவதும் போயிற்று.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். பயறுக் குழம்பும் வறுத்த கருவாடும் மேசையில் இருந்தன. அவளோ தட்டைத் தொடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காலையிலதான் புது மாத்தம் ஒண்ணு போட்டேன் மாரே. எழுத்த வாங்குற பகுதியில கை வச்சேன். இப்ப பாரு, எதையோ கெடுத்து வச்சிருக்கேன்.”

திரையில் ‘இருவாச்சி’ என்ற ஆட்டக்காரர் எழுதியிருந்தார். மூன்று வருடமாக வருகிறவர். தினமும் பகல் ஒரு மணிக்கு வந்து ‘மகாந்தாங் ஹாபோன்’ என்று முழுதாக வணக்கம் சொல்லித்தான் கப்பலில் ஏறுவார். ஒரு எழுத்துப் பிழை விட்டதில்லை. அன்றைக்கு அந்த வணக்கத்தில் ஏழே எழுத்துகள்: எம், என், என், ஹெச், பி, ஓ, என்.

“ஐயா, கீபோர்டுல கஞ்சியக் கொட்டிட்டீங்களா?” என்று ‘கடல்ராஜா’ என்கிறவன் எழுதினான்.

இருவாச்சி ஏதோ பதில் சொன்னார். அதிலும் பாதி எழுத்து இல்லை.

“சாப்பிட்டுட்டு ஆடுங்க ஐயா! பசியில எழுத்தயும் சேர்த்து முழுங்குறீங்க!”

நெரிசா தானே ஒரு வரி தட்டிப் பார்த்தாள், சரியாக வந்தது. காலையில் போட்ட மாற்றத்தை வரிக்கு வரி படித்தாள், பிழை இல்லை. சர்வருக்கு வந்து சேர்ந்த மூல எழுத்துகளைத் திறந்து பார்த்தாள். அவர் பக்கமிருந்தே அப்படித்தான் வந்திருந்தது.

“அப்ப அவர் கீபோர்டுதான் போச்சு. வா, சாப்பிடு” என்றேன்.

அவள் நகரவில்லை. ஒரு காகிதத்தை எடுத்து, வந்த எழுத்துகளை ஒரு பக்கமும் வராதவற்றை மறுபக்கமும் எழுதினாள். பிறகு தன் விசைப்பலகையைக் குனிந்து பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

“வராத எழுத்து பூரா இடது பக்கம் மாரே. எல்லாமே இடது கை எழுத்து. இவர் பார்க்காம பத்து விரலாலயும் தட்டுறவர்.”

“அதனால?”

“கீபோர்டு கெட்டா அங்கொண்ணு இங்கொண்ணுதானே போகும்? இப்படிச் சரிபாதி போகுமா? கை போகுது மாரே.”

போன வருடம் எங்கள் அலுவலகக் காசாளர் பெபோட், பேசிக்கொண்டே இருந்தவன், ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தான். தனக்கு ஒன்றுமில்லை என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தான். அது பக்கவாதம்.

நெரிசா உடனே பொது அரட்டையைப் பூட்டினாள். இருவாச்சிக்கு மட்டும் எழுதினாள்: “ரெண்டு கையையும் தூக்க முடியுதா?”

பதில் வர ஒரு நிமிடம் ஆனது. இல்லை என்பதற்கு எங்கள் மொழியில் ‘ஹிந்தி’ என்போம். ஹெச், ஐ, என், ஐ என்று வந்தது.

“வீட்டுல யாராவது இருக்காங்களா?”

மறுபடியும் அதே நான்கு எழுத்து.

“எந்த ஊர்? வலது கை ஒரு விரலால ஊர் பேர அடிங்க. மெதுவா.”

நாங்கள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். விரலால் தேடி அடித்தாலும் இடது பாதி அவர் கண்ணுக்கே படவில்லை போலும், பெரும்பாலான ஊர்களின் பெயர் எலும்புக்கூடாகத்தான் வந்திருக்கும். ஆனால் ஏழு எழுத்து ஒவ்வொன்றாக வந்து ஒரு முழுப் பெயராக நின்றது. பொலில்லோ. அந்தப் பெயரில் ஒரு எழுத்துகூட இடது கைக்கு இல்லை.

“பொலில்லோ தீவு!” என்று கத்தினேன். “அங்க எங்க? தெரு?”

தெருப் பெயரில் வந்தவற்றை எதனோடும் சேர்க்க முடியவில்லை. அதன்பின் அவர் அடிப்பது நின்றது.

நெரிசா எழுதிய விளையாட்டு, பத்து நிமிடம் பேசாமல் இருப்பவரைத் தானாகவே வெளியேற்றிவிடும். அந்த விதியை மாற்றலாம், ஆனால் மாற்றினால் சர்வரை நிறுத்தித் திரும்பத் தொடங்க வேண்டும். நிறுத்தினால் அவர் போய்விடுவார். ஒரு கையோடு திரும்ப உள்ளே வர முடியாது.

“நீ இங்க உக்காரு மாரே. அவர்கிட்ட பேசிக்கிட்டே இரு. எதையாவது தட்டச் சொல்லு, ஒரு எழுத்து போதும்” என்று என்னை நாற்காலியில் தள்ளிவிட்டு, அவள் மடிக்கணினியைத் திறந்தாள்.

நான் இந்த விளையாட்டை ஒருநாளும் ஆடியதில்லை. என்ன எழுதுவது என்று தெரியாமல், “என் பேரு லிகாயா. நெரிசாவோட மாரே. போகாதீங்க. எண்டர் மட்டும் தட்டுங்க” என்று எழுதினேன். ஒரு வெற்று வரி வந்தது. மறுபடி எழுதினேன். இன்னொரு வெற்று வரி. இரண்டுக்கும் நடுவே சுவர்க்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

பின்னால் நெரிசா போனில் எண்களை அழுத்துவது கேட்டது. தீவு நகராட்சியின் இணையப் பக்கத்தில் இருந்த ஒரு எண் உபயோகத்தில் இல்லை. இன்னொன்று அடித்துக்கொண்டே இருந்தது, ஞாயிற்றுக்கிழமை யார் எடுப்பார்கள்? ஆஸ்பத்திரி எண் கிடைத்தது. எடுத்தவர், “பேரும் தெருவும் தெரியாம யார எங்கன்னு போய்த் தேடுறது அம்மா? ஆள அடையாளம் சொல்லுங்க, உடனே வண்டி அனுப்புறோம்” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

நெரிசா போனை வைத்துவிட்டு, மடிக்கணினியில் ஒரு கோப்பைத் திறக்கப்போய் நிறுத்தினாள்.

“என்ன?” என்றேன்.

“எல்லாத்தையும் சேமிச்சு வச்சிருக்கேன் மாரே. மூணு வருச அரட்டை. தனியாப் பேசுறதும் சேர்த்து. ஓட்டை கண்டுபிடிக்கன்னு வச்சேன். படிக்க மாட்டேன்னு எல்லாருக்கும் சொல்லியிருக்கேன்.”

“தேடு!” என்றேன். “ஆளு சாகக் கிடக்கிறாரு!”

தேடினாள். பொது அரட்டையில் ஒன்றும் இல்லை, ஆள் சொந்தக் கதை பேசாதவர். தனி அரட்டையில் ‘பாகற்காய்’ என்ற ஒரு பெண்ணோடு மட்டும் மணிக்கணக்காகப் பேசியிருந்தார். அந்தப் பெண் அன்று வந்திருக்கவில்லை. நெரிசா வேறெதையும் படிக்காமல் ‘வீடு’, ‘பக்கத்தில்’, ‘இரைச்சல்’, ‘வருடம்’ என்று சொல்சொல்லாகத் தேடினாள். இரண்டு வரி அகப்பட்டது. ‘ஐஸ் தொழிற்சாலை இரைச்சலில் தூக்கமே இல்லை.’ இன்னொன்று: ‘இருபத்திரண்டு வருடம் தந்தி அடித்த விரல்கள் இவை. கண் எதற்கு?’

இணையத்தில் பொலில்லோ என்று தேடியபோது ரொட்டிப் படங்களோடு ஒரு பேக்கரியின் பக்கம் வந்தது. கீழே கைப்பேசி எண் இருந்தது. இரண்டாவது மணியிலேயே ஒரு பெண் எடுத்தாள். நெரிசா ஒலிபெருக்கியில் போட்டாள். எங்கள் பக்கம் வயதில் மூத்த பெண்ணை மரியாதையாக ‘ஆலிங்’ என்றும் ஆணை ‘மாங்’ என்றும் கூப்பிடுவோம்.

“பன் தீந்துடுச்சும்மா, நாளைக்குத்தான்.”

“பன் வேணாம் ஆலிங். உங்க ஊர்ல முன்னாடி தந்தி ஆபீஸ்ல இருந்தவர் ஒருத்தர். ஐஸ் ஃபேக்டரி பக்கம் வீடு. தனியா இருக்கார்.”

“மாங் எலிசியோவா? முந்தாநாள்கூட வந்து ரொட்டி கருகிப் போச்சுன்னு சண்டை போட்டாரே! நீ யாரு, அவரு பொண்ணா?”

“இல்ல. அவர் பக்கவாதம் வந்து விழுந்துகிடக்கார் ஆலிங். கதவ ஒடச்சாவது உள்ள போங்க. கெஞ்சிக் கேக்குறேன்.”

“நீ எங்கருந்து பேசுற?”

“லூசெனா.”

“லூசெனாவுல உக்காந்துகிட்டு அவரு விழுந்தது உனக்கு எப்படித் தெரியும்? வெளயாடுறியா?”

“ஆமா, வெளயாடிக்கிட்டிருந்தோம்!” என்று நெரிசா கத்தினாள். “அவரும் நானும் வெளயாடிக்கிட்டிருந்தோம் ஆலிங். போய்ப் பாருங்க. நான் பொய் சொன்னா நாளைக்குப் போலீஸ்ல சொல்லுங்க.”

அந்தப் பக்கம் தட்டு ஒன்றைக் கீழே வைக்கும் சத்தம் வந்தது. பிறகு, “கார்டிங்! ட்ரைசைக்கிள எடு!” என்று அவள் யாரையோ கூவுவது கேட்டது.

என் திரையில் வெற்று வரிகள் நின்று ஆறு நிமிடம் ஆகியிருந்தது. ஏழு. எட்டு. “மாங் எலிசியோ, ஆள் வந்துகிட்டிருக்கு” என்று அவர் பெயரை எழுதினேன். யாரும் எதையும் தட்டவில்லை. ‘இருவாச்சி துறைமுகத்தை விட்டு நீங்கினார்’ என்று திரையில் வந்தது. விதி தன் வேலையைச் செய்துவிட்டது. நெரிசா அதைப் படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

இருபது நிமிடம் கழித்து பேக்கரி எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. நாற்காலியிலிருந்து சரிந்து கிடந்தாராம், கண் திறந்திருந்ததாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

“கதவத் தொறந்த உடனே என்ன சொன்னார் தெரியுமா? எனக்கு ஒண்ணுமில்ல, கீபோர்டுதான் ரிப்பேர்ங்கிறார்!” என்று அந்த அம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள்.

அன்று அலை பெரிது, படகு ஓடவில்லை. மறுநாள் காலையில்தான் அவரை இக்கரைக்குக் கொண்டுவந்தார்கள். உயிர் பிழைத்தார். நடக்க இரண்டு மாதம் ஆயிற்று. இடது கை முழுதாகத் திரும்பவில்லை. இப்போது காவிதேயில் மகள் வீட்டில் இருக்கிறார், ஒரு கையால் ஆடுகிறார். கடல்ராஜா அவரிடம் மன்னிப்புக் கேட்டான். கேட்டுவிட்டு அவருடைய கப்பலையும் கொள்ளையடித்தான்.

நெரிசா நடந்ததை மறைக்கவில்லை. தனிப்பேச்சுகளைச் சேமித்து வைத்திருந்ததையும் அதில் தேடியதையும் எல்லோருக்கும் எழுதினாள். பெரும்பாலோர் பாராட்டினார்கள். ஏழு பேர் விலகினார்கள். பாகற்காய் ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்: “நான் அவரிடம் சொன்னதெல்லாம் நீயும் படித்தாய்.” இரண்டே வரிதான் பார்த்தேன் என்று நெரிசா மூன்று முறை பதில் எழுதினாள். அந்தப் பெண் திரும்பி வரவில்லை. அவள் யார், எந்த ஊர் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

இப்போது தனிப்பேச்சு எதுவும் சேமிக்கப்படுவதில்லை. விரும்பினால், ஆபத்தில் அழைக்க வேண்டிய ஒரு எண்ணைத் தரலாம் என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறாள். பாதிப் பேர் நிரப்பவில்லை. மாங் எலிசியோவும் நிரப்பவில்லை. பிடிவாதக்காரர்.

போன வாரம் அலுவலகத்தில் கூட்டமில்லாத நேரத்தில், “பாகற்காய் சொன்னது உனக்கு இன்னும் உறுத்துதா மாரே?” என்று கேட்டேன்.

“உறுத்தாம என்ன? சொன்ன சொல்ல மீறினேன்ல. திரும்ப அப்படி ஒரு நாள் வந்தாலும் மீறத்தான் செய்வேன். அதனாலதான் இப்ப மீறுறதுக்கே ஒண்ணும் வச்சுக்கல.”

“அப்படி ஒரு நாள் வந்தா, ஆள எப்படிக் கண்டுபிடிப்ப?”

ஜன்னலுக்கு வெளியே ஒருவர் படிவத்தோடு வந்து நின்றார். நெரிசா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.